ஜெயகிருஷ்ணனின் தலைக்கணக்கு

தீயைப் பற்றி ஜெயகிருஷ்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனியில் ஒரே ஒரு நாள் நடந்த பயிற்சியில் கற்றதுதான். அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு பிசிபேளாபாத் போட்டுவிட்டதால் பிற்பகல் முழுவதும் அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் கொள்முதல் பிரிவு. பயிற்சியின் முடிவில், “இந்த மாடிக்குத் தீக்காவலராக இருக்க யாருக்கு விருப்பம்?” என்று கேட்டபோது அவர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்குவதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

பதவி எப்படி வந்தது என்பது யாருக்குத்தான் நினைவிருக்கிறது? முதுகில் பெரிய எழுத்தில் பதவிப் பெயர் போட்ட ஆரஞ்சு நிற மேல்சட்டையும், கழுத்தில் மாட்ட ஒரு விசிலும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற கணத்திலிருந்து, மைசூரில் தீயைப் புரிந்துகொண்டவர் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. சட்டையை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம் அல்லவா? உண்மையைச் சொல்வதென்றால், பிடித்தால் தேவலை என்றுகூட உள்ளூர ஓர் ஆசை இருந்தது. பெரிதாக வேண்டாம். யாருக்கும் சேதமில்லாமல், நாலு பேர் பார்க்கிற மாதிரி, குப்பைத்தொட்டி அளவில் ஒன்று.

அக்ரஹாரத்தில் அவர் குடியிருந்த கட்டடத்தில் மூன்றே குடித்தனங்கள். கீழே, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மரியபுஷ்பமும் அவர் மகன் லாய்டும். முதல் மாடியில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாராயணஸ்வாமியும் அவர் மனைவி கமலம்மாளும். அதற்கு மேலே ஜெயகிருஷ்ணன், மனைவி திரிபுரசுந்தரி, மகள் அனகா. இந்தச் சின்னக் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடத்தியே தீர்வது என்று அவர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில். வாழைக்காய் பஜ்ஜி உண்டு என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் வர ஒப்புக்கொண்டார்கள்.

சட்டையும் விசிலுமாக நின்றுகொண்டு, “யார் என்ன சந்தேகம் வேணும்னாலும் கேக்கலாம்” என்றார்.

“ஃபயர் இன்ஜின் வந்துட்டுப் போனா நாம காசு கட்டணுமா?” என்றார் நாராயணஸ்வாமி.

“வேண்டவே வேண்டாம் சார். அது கவர்மென்ட் சேவை. நூத்திப் பன்னெண்டுக்குப் போன் பண்ணா போலீஸ், ஆம்புலன்ஸ், ஃபயர் எது வேணும்னாலும் வரும்.” இது அச்சடித்த தாளில் இருந்தது. சரியாகச் சொல்லிவிட்டார்.

“நம்ம பூனை பக்கத்து மரத்துல ஏறி மாட்டிக்கிட்டா வருவாங்களா தம்பி?” என்று மரியபுஷ்பம் கேட்டார்.

“பூனைக்கு மாத்திரம் இல்ல சிஸ்டர், கிணத்துல மாடு விழுந்தாலும் வருவாங்க.”

“இன்ஜின் எப்படி வருதோ வரட்டும், அவங்க கம்பத்தைப் பிடிச்சுச் சறுக்கி இறங்கறது நெஜமா அங்கிள்?” இது லாய்ட்.

மைசூரில் அப்படி ஒரு கம்பம் இருக்கிறதா என்பது ஜெயகிருஷ்ணனுக்குத் தெரியாது. அவர் தீயணைப்பு நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் முதுகில் பதவிப் பெயரை எழுதிக்கொண்டு எப்படித் தெரியாது என்று சொல்வது? “பின்னே? படிக்கட்டுல இறங்கி வந்தா வீடு சாம்பலாயிடாதா?” என்று போட்டார். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த சபை பிரமித்தது. அந்தப் பிரமிப்பு அவர் தலைக்கு ஏறியது. அடுத்த கேள்விகளுக்கு அவர் தாளைப் பார்க்கவே இல்லை. மாடிப்படியில் புகை வந்தால் அதற்குள் இறங்கி ஓடக் கூடாது, கதவைச் சாத்தி ஈரத்துணியால் இடுக்கை அடைக்க வேண்டும் என்று நல்லதாகவும் ஒன்று சொன்னார். அதைக் கேட்க வேண்டிய அனகா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக லாய்ட் இன்னொன்று கேட்டான். “நான் புதுசா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கேனே அங்கிள், அதை மாடிப்படிக்குக் கீழ வச்சு ராத்திரி பூரா சார்ஜ் போட்டா ஒண்ணும் ஆகாதில்ல?”

“தாராளமாப் போடு” என்றார் ஜெயகிருஷ்ணன். “பெட்ரோலே இல்லாத வண்டியில தீ எப்படிப்பா பிடிக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிற்பாடு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தபோதெல்லாம் அவருக்குத் தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குள் அவர் வேறொன்றுக்கும் காவலர். தமிழுக்கு. அவருடைய தாத்தா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர். மூன்றாவது தலைமுறையில் ஜெயகிருஷ்ணன் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவதும், காய்கறி பேரம் பேசுவதும், தூக்கத்தில் உளறுவதும் எல்லாம் கன்னடம்தான் என்று திரிபுரசுந்தரி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மகளுக்கு மட்டும் சட்டம் உண்டு. வாசல் தாண்டி உள்ளே வந்தால் தமிழ். பி.யூ.சி. இரண்டாம் வருஷம் படிக்கும் அனகாவுக்குத் தமிழ் யோசித்து யோசித்துத்தான் வரும். கன்னடம் தானாக வரும்.

“அப்பா, ஊட்டா ஆச்சா?” என்பாள்.

“சாப்பிட்டாச்சான்னு கேளு.”

“கேட்டாச்சு. பதில் சொல்லுங்க, நங்கெ பசியாகுது.”

“எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு.”

“உங்களுக்குப் பசிச்சா நீங்க சொல்லுங்க” என்று எழுந்து போய்விடுவாள். இப்படியே திருத்தித் திருத்தி, அவள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைப் பதின்வயதின் கோளாறு என்று வைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. திரிபுரசுந்தரி கொள்ளேகாலில் தங்கை வீட்டுத் தொட்டிலிடும் விசேஷத்துக்குப் போயிருந்தாள். அனகாவுக்கு இயற்பியல் டியூஷன். மகள் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஜெயகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய் இட்லி வடை தின்று, காபி குடித்து, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திரும்பினார். தெருமுனையிலேயே புகை நெடி வந்தது. கட்டடத்தின் வாசலிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. உள்ளே, மாடிப்படிக்குக் கீழே, லாய்டின் புது ஸ்கூட்டர் பட்டாசு போலச் சடசடத்து எரிந்தது.

ஜெயகிருஷ்ணன் செய்த முதல் காரியம் டிக்கியைத் திறந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டது. அதன் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நடுத்தெருவில் நின்று அதோடு மல்லுக்கட்டினார். இரண்டாவது காரியம் போன் செய்தது. பதற்றத்தில் விரல் எதையோ அழுத்த, காதில் ஒரு பெண் குரல், சிலிண்டர் பதிவு செய்ய எண் ஒன்றை அழுத்தும்படி இனிமையாகக் கேட்டுக்கொண்டது.

“நான் அப்பவே நூத்திப் பன்னெண்டுக்குச் சொல்லிட்டேன் தம்பி. வண்டி வந்துட்டிருக்கு” என்றார் மரியபுஷ்பம். அவர் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பூனையை இடுக்கியபடி எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். மற்றவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

இனி தனக்கு என்ன வேலை மிச்சம் என்று யோசித்தவருக்குத் தலைக்கணக்கு ஞாபகம் வந்தது. பயிற்சியில் அவர் விழித்திருந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்தது அது. வெளியே வந்தவர்களை நிறுத்தி எண்ண வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று தீயணைப்பு ஆட்களிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும். விசிலை ஊதினார். தெருநாய் ஒன்று குரைத்தது. மரியபுஷ்பம், லாய்ட், நாராயணஸ்வாமி, கமலம்மாள் என்று விரலை நீட்டி எண்ணினார். லாய்ட் முகம் வெளிறி நின்றான். அவனைப் பார்க்காமல் அவசரமாக அடுத்த தலைக்குப் போனார்.

அனகா டியூஷனில் இருப்பாள். இருந்தாலும் கணக்கென்றால் கணக்கு. போன் போட்டார். ஏகப்பட்ட சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்தாள்.

“அனகா! எங்க இருக்கே? வீட்லயா?”

“இல்லே!” என்றாள் அனகா. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

அப்பாடா என்றிருந்தது. வீட்டில் இல்லை. கணக்கு நேராகிவிட்டது. ஒரு தலைகூடக் குறையவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவின் நடுவில் நின்று, வந்துகொண்டிருந்த சிவப்பு வண்டிக்குக் கையை வீசி வழிகாட்டினார். அந்தத் தெருவில் வண்டி வர வேறு வழியே கிடையாது. அதற்கென்ன?

வண்டியிலிருந்து குதித்த ஆட்கள் அவர் சட்டையைப் பார்த்ததும், ஏதோ பொறுப்பானவர் என்று நினைத்துவிட்டார்கள். மீசை நரைத்த அதிகாரி நேராக அவரிடம் வந்தார்.

“ஒளகடெ யாராத்ரூ இதாரா சார்?” உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது கேள்வி.

“யாரூ இல்ல சார்!” என்றார் ஜெயகிருஷ்ணன். எவ்வளவு நாளாகக் காத்திருந்த கேள்வி! பதிலைக் கணீரென்று சொன்னார்.

அதிகாரி தன் ஆட்களிடம் திரும்பி, உள்ளே ஆள் இல்லை, புகைக்குள் யாரும் ஏற வேண்டாம், வாசலிலிருந்தே அடியுங்கள் என்றார். குழாயை உருட்டி விரித்தார்கள். தண்ணீர் சீறியது. எரிந்த பேட்டரி அடங்குவது போல் அடங்கி மறுபடியும் பற்றியது. புகை இன்னும் தடித்து மாடிப்படி வழியாக மேலே மேலே ஏறியது. தன் வீட்டு ஜன்னல்கள் கறுப்பதைப் பார்த்தபோதுகூட, புதிதாகப் பெயின்ட் அடித்தோமே என்றுதான் அவர் நினைத்தார்.

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, மறுபடியும் பக்கத்தில் வந்து, எல்லோரையும் கேட்டீர்களா, நிச்சயமா என்றார்.

அவருடைய கேள்வியில் இருந்த சந்தேகம் ஜெயகிருஷ்ணனுக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆளிடம் இப்படியா கேட்பது? தான் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று காட்டுவதற்காக, ஒன்று விடாமல் கன்னடத்தில் ஒப்பித்தார். கீழ்வீட்டில் இரண்டு பேர், நடுவீட்டில் இரண்டு பேர், எல்லோரும் இதோ நிற்கிறார்கள். மனைவி ஊரில் இல்லை. கடைசியாக, “நன்ன மகளன்னூ போன்னல்லி கேளிதே சார். எல்லித்தியா அந்தே. ‘இல்லே’ அந்தளு” என்று முடித்தார். மகளையும் போனில் கேட்டேன், எங்கே இருக்கிறாய் என்றேன், ‘இல்லே’ என்றாள் என்பது அதன் அர்த்தம்.

அதிகாரி அவரையே பார்த்தார். “எல்லித்தியா அந்த்ரி. இல்லே அந்தளா?”

“ஹௌது சார்.” ஆமாம் என்றார்.

“இல்லே அந்த்ரே இல்லே இதாளே அல்வா சார்?”

எங்கே இருக்கிறாய் என்று கேட்டீர்கள், இங்கேயே என்றாள், அப்படியென்றால் இங்கேதானே இருக்கிறாள்? கன்னடத்தில் ‘இல்லே’ என்றால் இங்கேயே; அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. பால்குடிக் குழந்தையிலிருந்து இந்த ஊரில் வளர்ந்த ஜெயகிருஷ்ணனுக்கும் அது தெரியும். காய்கறிக்காரியிடம் கேட்டிருந்தால் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார். மகளிடம் கேட்டதால்தான் கெட்டது. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று போட்ட சட்டத்தில், அவள் சொன்னதும் தமிழ் ‘இல்லே’தான் என்று காது முடிவு கட்டிவிட்டது. பயந்துபோன பெண் யோசித்து யோசித்துத் தமிழா பேசுவாள்? தானாக வருவதைத்தான் பேசியிருக்கிறாள்.

“அனகா!” என்று கத்தியபடி அவர் வாசலுக்குள் பாய்ந்தார். இரண்டு ஆட்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சிக்கியிருந்த ஜிப் தெறித்து, தீக்காவலர் சட்டை அவர்கள் கையோடு வந்துவிட்டது. பனியனோடு அவர் ஈரத் தரையில் குப்புற விழுந்தார். அதற்குள் அதிகாரியும் இன்னொருவரும் முகமூடி மாட்டி, முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு, தண்ணீர்ச் சீறலுக்குப் பக்கவாட்டில் நுழைந்து படியேறிவிட்டார்கள்.

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வேலையை அவரால் செய்ய முடியவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், போனைப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அது கன்னடத்தில் சொன்னது. எத்தனை வார்த்தைகளைத் திருத்தியிருக்கிறார்! பசியாகுது என்று வந்து நின்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாமல் இலக்கணம் போட்ட மடையன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா? அவள் ஒருமுறை இருமிக் காட்டினால்கூடப் போதும், எந்த மொழியில் வேண்டுமானாலும் திட்டட்டும், கேட்டுக்கொள்ளலாம். சாமியிடம் அவர் வேண்டிக்கொண்டதும் கன்னடத்தில்தான். அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை.

மரியபுஷ்பம் பூனையை லாய்டிடம் கொடுத்துவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “கத்தாதீங்க தம்பி. வருவா.”

“நான்தான் சிஸ்டர் யாரும் இல்லேன்னு சொன்னேன். நானே சொன்னேன்.”

மரியபுஷ்பம் அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

புகைக்குள்ளிருந்து முதலில் அதிகாரியின் தலைக்கவசம் தெரிந்தது. அவர் தோளில் சாய்ந்தபடி, முகத்தில் ஒரு முகமூடியும் உடம்பில் கம்பளியுமாக அனகா வந்தாள். தன் காலால் நடந்து வந்தாள். மூக்கைச் சுற்றி மட்டும் கரி. ஆம்புலன்ஸ் பின்படியில் உட்காரவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மரியபுஷ்பம் நாடியைப் பிடித்துப் பார்த்து, “பயமில்லை” என்ற பிறகுதான் ஜெயகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது. தெருவே பார்க்க, பனியனோடு நின்று, ஹோ என்று அழுதார்.

டியூஷன் ரத்தாகிவிட்டதாம். மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டாளாம். விழித்தபோது வாசல் கதவுக்கு அந்தப்பக்கம் புகை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குடத்துத் தண்ணீரில் போர்வையை நனைத்து இடுக்கை அடைத்துவிட்டு, ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு குடோன். கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

ஜெயகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நடந்த பிறகும் உள்ளே ஒரு மூலையில் தீக்காவலர் உயிரோடு இருந்தார். “ஈரத்துணி வச்சியா? நான் கூட்டத்துல சொன்னேனே, அதுவா?”

அனகா முகமூடியை விலக்கினாள். “நீங்க சொன்னீங்களா? நான் ரீல்ஸ்ல பாத்தேன்ப்பா.”

நாராயணஸ்வாமி இருமுவது போல் சிரித்தார். ஜெயகிருஷ்ணனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அனகா இன்னும் பேசி முடிக்கவில்லை.

“சார்ஜ் முடியப்போச்சு. யாருக்காவது போன் பண்ணலாம்னு நோடிதே, பாத்தேன். அதுக்குள்ள நீங்களே பண்ணீங்க. இல்லேன்னு சொன்னேன், போன் ஆஃப் ஆயிடிச்சு. பரவாயில்ல, அப்பாக்குக் கொத்தாயிடிச்சு, தெரிஞ்சிடிச்சு, இனி பயம் இல்லன்னு உக்காந்திருந்தேன். நீங்க ஏன்ப்பா அவ்வளவு லேட் பண்ணீங்க?”

அவர் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவர். இதற்கு மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீ அடங்கிவிட்டது. ஸ்கூட்டர் இருந்த இடத்தில் கருகிய இரும்பும் நாற்றமும் மட்டும் இருந்தன. அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

“ஈக ஒளகடெ யாரூ இல்ல தானே சார்?” இப்போது உள்ளே யாரும் இல்லைதானே?

எல்லோரும் ஜெயகிருஷ்ணனைப் பார்த்தார்கள். மரியபுஷ்பம் எதிரே நின்றார். லாய்ட் பூனையோடு நின்றான். நாராயணஸ்வாமி, கமலம்மாள் இரண்டு பேரும் நின்றார்கள். திரிபுரசுந்தரி கொள்ளேகாலில் இருந்தாள். அனகாவின் கை அவர் கைக்குள் இருந்தது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. மறுபடியும் ஒருமுறை எண்ணினார்.

“கொத்தில்லா சார்” என்றார். தெரியாது. “தயவிட்டு இன்னொந்து சல ஹோகி நோடி.” தயவுசெய்து இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

“எல்லாரும் இங்கதானே ஓய் நிக்கறோம்” என்று நாராயணஸ்வாமி முணுமுணுத்தார். அதிகாரி அதைக் காதில் வாங்காமல் இரண்டு பேரைக் கூப்பிட்டு மேலே போய்ப் பார்த்து வரச் சொன்னார். அவர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் படியேறினார்கள்.

அனகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்து, நிதானமாகச் சொன்னாள்.

“அப்பா. நான் இங்கதான் இருக்கேன்.”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனாலும் மேலே போன இரண்டு பேரும் இறங்கி வந்து, யாரும் இல்லை என்று சொல்லும்வரை அவள் கையை விடவில்லை.